பன்னிரண்டாம் மைல்கல்லில் நின்ற பிளஷர்

வண்டி ஏன் கிளம்பவில்லை என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டவர்கள் மதுரையிலே எத்தனையோ பேர். வக்கீல் கேட்டிருக்கிறார், டாக்டர் கேட்டிருக்கிறார், மோட்டார் படிப்பு படித்துவிட்டுப் பட்டணத்திலிருந்து வந்தவன்கூட வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கேட்டிருக்கிறான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் கடைசி நாலு மாதம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. ஆனால் முன்னால் நின்று, எஞ்சினைக் கிளப்புகிற கம்பியை ஒரு சுற்று சுற்றச் சொல்லிக் காதைக் கொடுத்தேன் என்றால், பத்து எண்ணுவதற்குள் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டறையில் சாமான் கழுவுகிற கூலியாக நுழைந்து, எட்டு வருஷத்தில் சொந்த வண்டியோடு வெளியே வந்தவன் நான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் திண்டுக்கல் ரோட்டில் மூன்று இடத்தில் நின்றேன். அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

இரண்டாம் உலகச் சண்டை வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் நடந்தது. அப்போதெல்லாம் காரை யாரும் கார் என்று சொல்ல மாட்டார்கள், பிளஷர் என்பார்கள். என் பிளஷர் அமெரிக்காவில் செய்தது. ஒரு மில் துரை ஓட்டிக் கழித்து, அவரிடமிருந்து ஒரு ஜமீன் வீட்டுக்குப் போய், அங்கேயும் கழித்துப் போட்டு, மாட்டுக்கொட்டிலில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் நான் வாங்கினேன். மைல் காட்டுகிற மீட்டர் ஒரு முறை முழுக்கச் சுற்றி முடித்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கி, இரண்டாம் சுற்றிலும் இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகை ஓட்டினேன். வழியில் நின்றது என்று ஒருவர் சொன்னதில்லை.

நான் இருந்தது செல்லூரில். எங்கள் தெருவில் பொழுது விடிந்தால் தறிச் சத்தம். ஆயுத பூசை வந்தால் அவர்கள் தறிக்குப் பொட்டு வைப்பார்கள், நான் வண்டிக்கு வைப்பேன். மற்ற டிரைவர்கள் வைக்கிற சந்தனம் மறுநாள் ரோட்டுக்குப் போனதும் காய்ந்து உதிர்ந்துவிடும். எனக்கு அது பிடிக்காது. பக்கத்து வீட்டு நெசவுக்காரரிடம் பாவுக்குப் போடுகிற கஞ்சியை ஒரு சிரட்டை வாங்கி, அதிலே சந்தனத்தைக் குழைத்து வைத்தேன். நூலை விறைப்பாக்குகிற கஞ்சி அது. இரும்பிலே பட்டுக் காய்ந்தால் நகத்தால் சுரண்டினாலும் வராது. விளக்கு, ஸ்டீயரிங், ரேடியேட்டர் மூடி, பெட்ரோல் டாங்கி மூடி, உருண்டையாக எது கண்ணில் பட்டதோ அதற்கெல்லாம் கட்டை விரலால் அழுத்தி அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். என் வண்டியில் வைத்த பொட்டு எட்டு நாள் நிற்கும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பூசை அன்று வண்டியை ஓட்டுவதில்லை. மறுநாள் காலையில் மறுபூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து எடுக்க வேண்டும். அந்த மறுநாள் காலையில்தான், டாங்கி நிறையப் பெட்ரோல் ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஜட்கா வந்து என் வாசலில் நின்றது. பழைய ஊரில், மாசி வீதிக்குப் பின்னால் எண்ணெய்க் கடை வைத்திருக்கிற பாய் இறங்கினார். பின்னாலேயே வெள்ளைத் துப்பட்டி போர்த்துக்கொண்டு அவர் சம்சாரம்.

பாய் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

“அண்ணே, வாடிப்பட்டியில எங்கம்மா மௌத்தாயிட்டாங்க. மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்னு தந்தி வந்திருக்கு. காலை ரயில் போயிருச்சு. பஸ்காரனுக எல்லாம் பூசையைப் போட்டுட்டு மத்தியானத்துக்கு மேலதான் எடுப்பானுகளாம்.”

“பேசிக்கிட்டு நிக்காதீங்க பாய், ஏறுங்க. பதினஞ்சு மைலு. உச்சிப் பொழுதுக்கு முன்னால உங்கம்மா முகத்துக்கிட்ட கொண்டுபோய் விடுறேன்.”

“முகம் மட்டும் பாத்துட்டா போதும்ணே” என்றார். “பாத்து எட்டு மாசமாச்சு.”

அவர்களிடையே செத்தவரை வைத்துக்கொண்டு காத்திருக்கிற வழக்கம் இல்லை. குளிப்பாட்டி, வெள்ளைத்துணி சுற்றி, பள்ளிவாசலில் தொழுகை நடத்தி, எடுத்துவிடுவார்கள். தூரத்தில் இருக்கிற மகனுக்காகக் கொஞ்சம் பார்ப்பார்கள், அதிகம் பார்க்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாக்குக் கொடுத்தேன்.

கம்பியை ஒரு சுற்றுத்தான் சுற்றினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. தத்தனேரி, விளாங்குடி எல்லாம் பின்னால் போயின. சைக்கிளில் காலி வெற்றிலைக் கூடைகளைக் கட்டிக்கொண்டு போன ஒரு ஆளை ஹாரன் அடித்து ஒதுக்கிவிட்டு முந்தினேன். பாய் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து விரல் கணுக்களை எண்ணி ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். பின்னால் பாய் சம்சாரம், அந்த அக்கா, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

பரவைக் கண்மாயை நெருங்கும்போது வண்டி இரண்டு தடவை இருமியது. அப்புறம் ஆள் தூங்கிப் போகிற மாதிரி மெல்ல மெல்ல அடங்கி நின்றுவிட்டது. பக்கத்தில் நாலாம் மைல்கல்.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல பாய். ஒரு நாள் பூரா சும்மா நின்ன வண்டி. பிளக்கு நமத்துப் போயிருக்கும்.”

இறங்கிக் கம்பியைச் சுற்றினேன். பத்து தடவை, இருபது தடவை. ஒரு முணுமுணுப்புகூட இல்லை. மூடியைத் திறந்து பிளக் ஒயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பாயைச் சுற்றச் சொன்னேன். பொறி நீலமாகப் படபடவென்று அடித்தது. பொறி நன்றாக இருக்கிறது. பெட்ரோலோ காலையில்தான் என் கையால் கழுத்து வரைக்கும் ஊற்றினேன், அதைப் போய்ப் பார்ப்பது எனக்கு அவமானமாக இருந்தது. ஆகவே பிளக்குகளைக் கழற்றிக் கரியைத் தேய்த்து, வைக்கோல் கொளுத்திச் சூடு காட்டி, மறுபடி மாட்டினேன். இதற்குள் நான் முந்தி வந்த சைக்கிள்காரன் எங்களை நெருங்கிவிட்டான். சோழவந்தான் கொடிக்கால்காரன், மதுரையில் வெற்றிலையைப் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்புகிறவன். வாய் நிறைய வெற்றிலை.

“என்ன மாப்ள, ஹாரனு மட்டும்தான் வேலை செய்யிதா?” என்று கேட்டுக்கொண்டே நிற்காமல் போனான்.

கம்பியைச் சுற்றினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“பாத்தீங்களா பாய்? பிளக்கு. சொன்னேன்ல?”

அந்த இடத்தில் போனது அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. பாய் கடிகாரம் பார்க்கவில்லை, அவரிடம் இல்லை. மைல்கல்லின் நிழலைப் பார்த்தார். தொழுகிறவர்களுக்கு நிழல்தான் கணக்கு. நிழல் ஒடுங்கிக்கொண்டே வரும், உச்சி தாண்டி அந்தப் பக்கம் சாய்ந்தால் லுஹருக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு அந்தக் கல்லின் நிழல் மேற்கே ஒரு முழம் கிடந்தது.

சைக்கிளை மறுபடி முந்தினோம். நான் ஹாரன் அடித்தேன், வேண்டுமென்றே நீளமாக. சமயநல்லூர் தாண்டியது. மனம் நிம்மதியாகிக் காலை மிதியில் இன்னும் அழுத்தினேன். அப்போது பாய், “அண்ணே, அதே மாதிரி இருமுது” என்றார். எனக்கு முன்னாலேயே அவருக்குக் கேட்டுவிட்டது. எட்டாம் மைல்கல்லில் வண்டி நின்றது.

இதுவரை எந்த வண்டியும் என்னை இரண்டு தடவை ஏமாற்றியதில்லை. பாயின் முகத்தைப் பார்க்காமல் இறங்கினேன். இந்தத் தடவை அவமானத்தைப் பார்க்காமல் பெட்ரோல் இருக்கிறதா என்றே பார்த்துவிடுவோம் என்று, வழக்கம்போலக் கீழே பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற டாங்கி மூடியைத் திருகினேன். திறந்தபோது ‘உஸ்’ என்று ஒரு சத்தம். வேப்பங்குச்சியை விட்டு எடுத்தேன். முக்காலே மூணு வீசம் நனைந்திருந்தது.

“பெட்ரோலு இருக்கு” என்றேன்.

பாய் வண்டியை விட்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். “அண்ணே, இப்ப ஒரு சத்தம் வந்துச்சே, அது என்னா?”

“எது?”

“மூடியத் தெறக்கையில. காத்தை இழுக்குற மாதிரி. எங்க கடையில எண்ணெ டின்னுல ஒத்தை ஓட்டை போட்டோம்னா எண்ணெ வராதுண்ணே. கொளக்கு கொளக்குனு ரெண்டு சொட்டு விழுந்து நின்னு போகும். காத்து உள்ள போக மேல இன்னொரு ஓட்டை போட்டாத்தான்…”

“பாய்” என்றேன். அதற்கு மேல் நான் சொன்னதை எழுத எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். “நீங்க எண்ணெ யாவாரத்தைப் பாருங்க. எஞ்சினு டின்னு இல்ல. இருவது வருசமா இதோட படுத்து எந்திரிக்கிறவன் நான்.”

இருபது வருஷம் என்பதும் பொய். பன்னிரண்டுதான் ஆகியிருந்தது.

அவர் மைல்கல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

டாங்கி மூடியைத் திருப்பி மாட்டாமல் மட்கார்டு மேல் வைத்தேன். பொறி சரி, பெட்ரோலும் சரி என்றால் நடுவில் இருப்பது கார்புரேட்டர்தான். அதைக் கழற்ற உட்கார்ந்தேன். கிண்ணத்தில் பெட்ரோல் ஒரு மடக்குக்கூட இல்லை. இதோ பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். குழாயில் அழுக்கு அடைத்திருக்கிறது. வாயை வைத்து ஊதினேன். பெட்ரோல் திரும்பி வந்து தொண்டையெல்லாம் எரிந்தது. ஊசித் துவாரத்தையும் ஊதிச் சுத்தம் செய்தேன். அவசரத்தில் பித்தளைத் திருகாணி ஒன்று புழுதியில் விழுந்துவிட்டது. எள்ளுக்குக் கொஞ்சம் பெரிது. அது இல்லாமல் கார்புரேட்டரை மூட முடியாது.

மண்டியிட்டுத் தேடினேன். ரோட்டுப் புழுதி மாவு மாதிரி. கையை வைத்த இடமெல்லாம் உள்ளே போகிறது. பின்னால் கதவு திறந்தது. அந்த அக்கா இறங்கி வந்து துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு பிடியாக அள்ளி விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார்.

“தம்பி, இம்புட்டு பெரிய வண்டிக்கு இம்புட்டூண்டு ஆணியா?”

“அது இல்லாட்டி ஓடாதுக்கா.”

“ஓடுறப்ப மட்டும் என்னத்த ஓடிருச்சு?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் அதிகமாகப் பட்டது. கொஞ்ச நேரத்தில் அவரே எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கையில் வைத்து நீட்டும்போது அவர் கண் என்னைத் தாண்டி, கல்லடியில் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாய் ஒரு குச்சியால் நிழலின் ஓரத்தில் கோடு போட்டிருந்தார். நிழல் கோட்டை விட்டு உள்ளே வந்திருந்தது. இப்போது ஒரு சாண்கூட இல்லை.

எல்லாவற்றையும் மாட்டி, குழாயைத் திறந்து, டாங்கி மூடியை நன்றாக இறுக்கித் திருகிவிட்டுச் சுற்றினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு கர்வம் வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

“டின்னும் இல்ல ஓட்டையும் இல்ல பாய், கார்புரேட்டரு” என்றேன்.

“சரிண்ணே” என்றார்.

சைக்கிள்காரன் இதற்குள் எங்களைக் கடந்து போயிருந்தான். நான் தரையில் கிடந்து தேடிக்கொண்டிருந்ததால் அவன் என்ன சொன்னான் என்று காதில் விழவில்லை. மூன்றாம் தடவையாக அவனை முந்தியபோது நான் ஹாரன் அடிக்கவில்லை. காது முழுவதும் எஞ்சின் மேலேயே இருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் இருமுகிறதா என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன். பத்தாம் கல் போயிற்று. பதினோராம் கல் போயிற்று. பாய் ஓதுவதை நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டாம் கல்லுக்கு இருபது கஜம் முன்னால் இருமியது. உருண்டு போய்க் கல்லுக்கு நேராக நின்றது.

நான் உடனே இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மண்டையில் ஒன்றுமே ஓடவில்லை. பொறி பார்த்தாயிற்று, பெட்ரோல் பார்த்தாயிற்று, கார்புரேட்டர் பார்த்தாயிற்று. இனி எதைக் கழற்றுவது? பொறியைக் கிளப்புகிற காயில் பெட்டி சூடாகிறதோ என்று தோன்றியது. இறங்கி ஓடி, வாய்க்காலில் துண்டை நனைத்துக் கொண்டுவந்து காயில் பெட்டி மேல் சுற்றினேன். கம்பியைப் பிடித்துச் சுற்றினேன். எஞ்சின் திடீரென்று எதிர்த்து உதைத்தது. கம்பி கையை விட்டுச் சுழன்று மணிக்கட்டில் அடித்தது. எலும்பு நொறுங்கிவிட்டது என்றே நினைத்தேன். அந்தக் கையோடேயே மறுபடி சுற்றினேன். முப்பது தடவை இருக்கும். கண்ணில் பூச்சி பறந்தது.

மைல்கல்லின் நிழல் காலடியில் ஒரு கைப்பிடி அளவு ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கிழக்கே தலையை நீட்டியது.

“திரும்பிருச்சு” என்றார் பாய்.

அக்கா கேட்டார், “தொழுகை முடிய எம்புட்டு நேரமாகும்?”

“சுருக்கத்தான். எங்கண்ணன் எனக்காகக் கொஞ்சம் பாப்பான். எம்புட்டு நேரம்தான் பாப்பான்?”

அப்போது சைக்கிள் வந்து சேர்ந்தது. அந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் சோழவந்தானுக்குப் பாதை பிரிகிறது. அவன் வழக்கம்போல ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். வெற்றிலையைத் துப்பினான்.

“என்னா அண்ணே, எதுவும் கெட்ட காரியமா?”

நான் சொன்னேன்.

“அட பாவி மனுசா, இதை மொதல்லயே சொல்றதில்லையா? நாலாங்கல்லுலயே தூக்கி வச்சிட்டுப் போயிருப்பேனே.” கூடைகளை அவிழ்த்து ஓரத்தில் போட்டான். “பாய், பின்னால குந்துங்க. வாடிப்பட்டி வரைக்கும் மிதிக்கிறேன். சோழவந்தான் எங்கயும் ஓடிப் போயிராது.”

அக்கா, “நீங்க போங்க, நான் நடந்து வாரேன்” என்றார்.

சைக்கிளில் இரண்டு பேர், எதிர்க்காற்று, மூன்று மைல். போய்ச் சேர அரை மணிக்கு மேல் ஆகும். எல்லாருக்கும் அது தெரிந்தது. ஆனாலும் வேறு வழி இல்லை. பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒரு காலைத் தூக்கினார். அப்புறம் அந்தக் காலைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. நாலாங்கல்லு, எட்டாங்கல்லு, பன்னெண்டாங்கல்லு. ஒரே அளவு. நம்ம டின்னு இப்படித்தாண்ணே, ஒவ்வொரு தடவையும் அளந்து வச்ச மாதிரி நின்னு போகும். ஒரே ஒரு தடவை அந்த மூடியத் தெறந்துட்டுச் சுத்துங்க.”

நான் விலகி வழி விட்டேன். அவரே போய் மூடியைத் திருகினார். ‘உஸ்’ என்று அதே சத்தம், இன்னும் நீளமாக. அதற்குப் பின்னால் குழாயில் களக் களக்கென்று பெட்ரோல் இறங்குவது எனக்கு நின்ற இடத்திலேயே கேட்டது. பத்து எண்ணுவதற்குள் கோளாறு சொல்லுகிற காது அது. இரண்டு மணி நேரமாக எங்கே போயிருந்ததோ.

இடது கையால் கம்பியைச் சுற்றினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பாய் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல ஓட்டை ஒண்ணு இருக்கணுமேண்ணே?”

இருக்க வேண்டும். நடுவில், குண்டூசி போகிற அளவுக்கு ஒன்று உண்டு. எனக்கு அது தெரியாதது அல்ல, இந்த மூடியை எத்தனையோ தடவை மண்ணெண்ணெயில் கழுவியிருக்கிறேன். அதன் மேல்தான் என் கட்டை விரலால் அழுத்தி அப்பிய சந்தனம் கல்லாகக் காய்ந்து உட்கார்ந்திருந்தது, நடுவில் குங்குமத்தோடு. டாங்கிக்கு மூச்சு விட வழியில்லை. பெட்ரோல் கொஞ்சம் இறங்கும், உள்ளே வெறுமையாகும், அப்புறம் இறங்காது. சும்மா நின்றால் மூடியின் இடுக்கில் காற்று கசிந்து மறுபடி ஓடும். நான் பிளக் தேய்த்ததால் ஓடவில்லை, தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தால் ஓடியது. கார்புரேட்டரைக் கழற்றியதால் ஓடவில்லை, மூடியைத் திறந்து வைத்திருந்ததால் ஓடியது.

அக்கா தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தார். பாய் அதை வைத்துக் குத்தி ஓட்டையைத் திறந்தார். நெசவுக்காரரின் கஞ்சி லேசில் விடவில்லை. ஊசி வளைந்துவிட்டது.

“ஏறுங்க, ஏறுங்க” என்று கத்தினது சைக்கிள்காரன்தான்.

அந்த மூன்று மைலையும் நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வலது கை வீங்கி விரல் மடங்கவில்லை. ஆட்டுக்கிடை ஒன்று குறுக்கே வந்தது, எப்படி விலகினேனோ. வாடிப்பட்டிப் பள்ளிவாசல் வாசலில் செருப்பு ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்ததுமே பாய்க்குத் தெரிந்துவிட்டது. உள்ளே இருந்து ஒரு கிழவர் வந்து, “இப்பத்தான் தூக்கிட்டுப் போனாங்க. ஓடு, ஓடு” என்று கையைக் காட்டினார்.

அவர்கள் அடக்கம் செய்கிற மையவாடி ஊருக்கு வெளியே, புளிய மரங்களுக்கு நடுவில். வண்டி நிற்பதற்கு முன்னாலேயே பாய் குதித்து ஓடினார். பெண்கள் உள்ளே போவதில்லை. அக்கா வண்டியிலேயே இருந்து துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் இடுப்புயரச் சுவருக்கு வெளியே நின்றேன்.

உடம்பைச் சுமந்து வந்த சந்தூக்கைக் காலியாக ஓரத்தில் வைத்திருந்தார்கள். உடம்பைக் குழிக்குள் இறக்கியாயிற்று. மேலே பலகை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முக்கால்வாசி அடுக்கிவிட்டார்கள். குழிக்குள் நின்று அடுக்கிக்கொண்டிருந்தவர்தான் பாயின் அண்ணன் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. தம்பி விழுந்தடித்து ஓடி வருவதைப் பார்த்து அவர் கையில் இருந்த பலகையோடு அப்படியே நின்றார்.

கூட்டத்தில் ஒருவர், “வச்சதை எடுக்க வேணாம்பா. நேரமாச்சு” என்றார்.

“என் தம்பி வந்துட்டான்” என்றார் அண்ணன்.

“இருக்கட்டும்பா, மொறைன்னு ஒண்ணு…”

“என் தம்பி வந்துட்டான்னு சொல்றேன்ல? கைய எடுங்க.”

தலைமாட்டில் வைத்திருந்த இரண்டு பலகையை எடுத்து வெளியே போட்டார். குனிந்து துணியை விலக்கினார். பாய் குழியின் விளிம்பில் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே நீட்டினார். நான் பார்த்தது அவர் முதுகையும், ஓடி வந்ததில் பிய்ந்து தொங்கிய ஒற்றைச் செருப்பையும்தான். நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் பத்து வந்திருக்கும், பன்னிரண்டு வந்திருக்கும். அதற்குள் அண்ணன் அவர் தோளைத் தொட்டார். பலகையை மறுபடி வைத்தார்கள். எல்லாரும் மண் தள்ளினார்கள். பாயும் மூன்று பிடி அள்ளிப் போட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் சுவர் ஓரமாக வந்தார். கையெல்லாம் செம்மண். அக்கா வண்டியை விட்டு இறங்கி, “பாத்தீங்களா?” என்றார்.

“பாத்துட்டேன்.”

“எப்படி இருந்தாங்க?”

“ரொம்ப எளைச்சிருந்தாங்க.”

அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. வாழ்க்கையில் யாரிடமும் தப்பு என்று ஒத்துக்கொண்டவன் இல்லை நான். அன்றைக்குச் சொன்னேன்.

“பாய், எட்டாவது கல்லுலயே நீங்க சொன்னீங்க. அப்பவே நான் கேட்டிருந்தா, வீட்டுலயே வச்சுப் பாத்திருப்பீங்க. ஒரு பக்கம் தோள் குடுத்துத் தூக்கிட்டு வந்திருப்பீங்க. அந்த முக்கா மணி நேரத்தை நான்தான் தின்னுட்டேன்.”

அவர் கை மண்ணைத் தட்டிக்கொண்டே நின்றார். என் வீங்கின மணிக்கட்டைப் பார்த்தார்.

“போன வெள்ளிக்கிழமையே ஆள் விட்டாங்கண்ணே” என்றார். “ஒடம்பு சொகமில்ல, வந்துட்டுப் போன்னு. பூசை வருது, எண்ணெ நல்லா விக்கிற நேரம், முடிச்சுட்டு வாரேன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். நீங்க முக்கா மணி நேரத்துக்குச் சொல்றீங்க. நான் அஞ்சு நாளைக்கு யாருகிட்ட போயிச் சொல்ல?”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆள் வந்துவிட்டுப் போனது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். துப்பட்டியின் நுனியால் அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டார். இரண்டு பேரும் அண்ணன் வீட்டுப் பக்கமாக நடந்தார்கள்.

நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு தனியாக மதுரைக்கு வந்தேன். வழியில் அது ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எங்கேயாவது நின்று தொலைத்தால், இறங்கிக் கையால் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டு இருக்கலாமே என்று இருந்தது.